பறந்துகொண்டிருப்பவளிடம் சொல்லக் கூடாதது

1

நேற்று விமான நிறுவனத்திடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. நடுவானில் நான் காசு கொடுத்து வாங்கிய இணையச் சேவை எப்படி இருந்தது என்று கேட்டிருந்தார்கள். கீழே ஐந்து வெற்று நட்சத்திரங்கள். தொட்டால் மஞ்சளாகும். நான் தொடவில்லை, அழிக்கவும் இல்லை. துணியை இயந்திரத்தில் போட்டேன். கடைக்குப் போய் ரொட்டி வாங்கி வந்தேன். மறுபடியும் திறந்து பார்த்தேன்.

நட்சத்திரத்தில் அடங்குகிற பதில் என்னிடம் இல்லை. ஊரில் இருப்பவர்களுக்குச் சொன்னால் புரியும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

திருப்பூரிலிருந்து கல்யாணமாகி ஜெர்மனிக்கு வந்தவள் நான். ரைன் ஆற்றை ஒட்டிய சின்ன நகரம். கணவருக்கு ஆடை இறக்குமதி செய்யும் ஒரு நிறுவனத்தில் வேலை. நான் பல் மருத்துவர் ஒருவரிடம் வரவேற்பில் உட்கார்ந்திருக்கிறேன். வந்த புதிதில் சின்னவர்களையும் வாங்க போங்க என்னும் நம் ஊர்ப் பழக்கம் போகாமல் பல் பிடுங்க வரும் ஐந்து வயதுப் பிள்ளைகளையும் ஜெர்மனில் பெரியவர்களுக்கான மரியாதைச் சொல்லால்தான் அழைப்பேன். "தாங்கள் உள்ளே வருகிறீர்களா?" என்றால் பிள்ளை பின்னால் திரும்பி யாரைக் கேட்கிறேன் என்று பார்க்கும். மருத்துவர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

என் மகள் கயல் இங்கேயே பிறந்தவள். அவளுக்கு அந்தச் சிக்கல் எந்த மொழியிலும் இருந்ததில்லை. மனதில் பட்டதை முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவாள். மீன் குழம்பு உப்பு என்றால் உப்புதான். விருந்தாளி எப்போது கிளம்புவார் என்று விருந்தாளி காதுபடவே கேட்பாள். "ஒரு பேச்சுக்காவது நல்லாருக்குன்னு சொல்லேன்டி" என்றால், "பொய் சொல்லச் சொல்றியா?" என்பாள். அப்படியே வளர்ந்தாள்.

திருப்பூரிலிருந்து பிள்ளைகள் ஜெர்மனிக்குப் படிக்க வருகிறார்கள். என் பிள்ளை எதிர்த்திசையில் போனாள். கல்லூரியில் ஒரு வருடம் படித்தாள், பிடிக்கவில்லை என்றாள். பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்கு ஊருக்குப் போனவள் திரும்பவில்லை. திருப்பூர் நல்லூரில் என் தம்பி செந்தில் நடத்தும் தையல் யூனிட்டில் உட்கார்ந்து பனியன் ஓரம் தைக்கும் பேட்லாக் மெஷின் பழகுகிறேன் என்றாள். அவனுடையது பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனிகளுக்கு கூலிக்குத் தைத்துத் தரும் ஜாப் ஒர்க் யூனிட். தைப்பதெல்லாம் கைக்குழந்தைத் துணிகள்.

கல்லூரிக்கு விடுப்பு சொல்ல நான்தான் போனேன். விடுப்புக்கான காரணங்களை அந்த அலுவலர் வாசித்தார். நோயா, பிரசவமா, தொழிற்பயிற்சியா?

"பயிற்சிதான். மாமாவிடம்."

"எந்த நிறுவனத்தில்?"

"மாமாதான் நிறுவனம்."

"ஒப்பந்தம் இருக்கிறதா?"

தாய்மாமனிடம் ஒப்பந்தம் கேட்பதை எப்படி விளக்குவது? கடைசியில் அவரே அலுத்துப்போய்க் 'குடும்பக் காரணம்' என்று போட்டுக்கொண்டார். அந்த விடுப்பும் முடிகிற நேரம் வந்தது. மறுபடி பதிவு செய்யாவிட்டால் இடம் போய்விடும். தொலைபேசியில் கேட்டால், "பாக்கலாம்" என்றாள். அவள் பேச்சில் அதற்குமுன் நான் கேட்டிராத சொல் அது. நேரில் போய்க் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிடுவது என்று என் வேலையில் விடுப்பு எடுத்துக்கொண்டு பிராங்க்பர்ட்டில் விமானம் ஏறினேன்.

2

இணையம் வாங்குவது என்று நான் வீட்டிலிருந்தே முடிவு செய்திருக்கவில்லை. ஆல்ப்ஸ் மலைக்கு மேலே போகும்போது முன் இருக்கையின் முதுகில் இருந்த அட்டையைப் படித்தேன். செய்தி மட்டும் அனுப்ப ஒரு கட்டணம், எல்லாவற்றுக்கும் இன்னொரு கட்டணம். மனம் சும்மா இருக்கவில்லை. மகளிடம் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்துப் பார்த்து, அவள் சொல்லப்போகும் பதில்களுக்கும் நானே பதில் சொல்லிக் களைத்திருந்தேன். ஒரு செய்தி அனுப்பிப் பார்க்கலாமே என்று தோன்றியது.

வாங்குவது அவ்வளவு எளிதாக இல்லை. பணம் செலுத்த என் வங்கி அதன் செயலியில் சம்மதம் கேட்டது. செயலி திறக்க இணையம் வேண்டும். இணையம் வேண்டும் என்றுதானே அம்மா பணம் கட்டுகிறேன் என்று கைபேசியிடம் தமிழில் வாய்விட்டே சொன்னேன். பக்கத்து இருக்கைக்காரர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு கணவருடைய வங்கி அட்டை ஒன்று கைப்பையில் இருந்தது நினைவுக்கு வந்தது. அது எதையும் கேட்காமல் போய்விட்டது. செய்தி மட்டும் போதும் என்று அதை வாங்கினேன்.

வாட்சப் உயிர்பெற்றது. முதலில் மேலே ஏறி வந்தது தம்பி யூனிட்டில் ஒரு வரிசையில் தைப்பவர்களுக்கான லைன் குரூப்.

அந்தக் குரூப்பில் எனக்கு வேலையே கிடையாது. ஒரு முறை துணியில் வைக்கும் துவைப்புக் குறிப்பு லேபிளில் ஜெர்மன் எழுத்து சரியா என்று பார்க்கச் சொல்லி என்னைச் சேர்த்தான். பார்த்துச் சொன்னேன். பிறகு என்னை எடுக்க மறந்துவிட்டான். தினமும் அதில் பீஸ் கணக்கும், நூல் தீர்ந்தது என்பதும், இந்திக்காரப் பையன்கள் அனுப்பும் காலை வணக்கப் பூக்களும் வரும். எனக்கு அதைப் பார்ப்பது ஒரு ருசி. ஊர்ச் சத்தம் கேட்பதுபோல.

அன்று வந்திருந்தது இதுதான். எழுதியவள் செல்வி, லைன் சூப்பர்வைசர். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு பிழைக்க வந்தவள்.

"ஊசி உடஞ்சிருச்சி. பாப்பா மெசின். லைன் நிப்பாட்டியாச்சி."

"மொன கெடைக்கல. எல்லாரும் தேடுங்க."

கிடைக்கவில்லை அக்கா என்று ஒரு பையன் இந்தியில் எழுதியிருந்தான்: "நஹி மிலா தீதி."

அதற்குக் கீழே செல்வியின் குரல் பதிவு. நான் வாங்கிய கட்டணத்தில் குரல் இறங்காது. சாம்பல் வட்டம் சும்மா சுற்றிக்கொண்டே இருந்தது.

அந்த யூனிட்டில் பாப்பா என்றால் கயல்தான்.

3

ஊசி உடைந்தால் என்ன நடக்கும் என்று தொழிலில் இல்லாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். குழந்தைத் துணி தைக்கும் இடத்தில் உடைந்த ஊசியின் எல்லாத் துண்டுகளையும் கண்டுபிடித்து ஒட்டிவைத்துக் காட்டிய பிறகுதான் புது ஊசி கிடைக்கும். அதுவரை அந்த மெஷின் ஓடாது. ஒரு முனை காணாமல்போனால்கூடப் பக்கத்தில் இருக்கும் துணி அத்தனையையும் பிரித்து உதறித் தேடுவார்கள். தரையில் காந்தத்தை இழுப்பார்கள். பிறகு துணிகளை உலோகம் கண்டுபிடிக்கும் கருவி வழியே விடுவார்கள். எங்கோ ஓர் ஊரில் ஒரு குழந்தையின் முதுகில் அது குத்திவிடக் கூடாது.

அதெல்லாம் சரி. துணியிலும் இல்லை, தரையிலும் இல்லை என்றால் மிச்சம் எங்கே?

முழுக் கட்டணத்தையும் கட்டினேன். பெயரை இரண்டு முறை தப்பாக அடித்தேன். சாம்பல் வட்டம் மறைந்தது. குரலைக் காதோடு வைத்துக் கேட்டேன்.

"அண்ணே, எங்கன இருக்கீய? பாப்பா வெரல்ல ஊசி எறங்கிட்டு. துணிய பூரா ஒதறியாச்சி, காந்தம் போட்டாச்சி, மொனைய காணல. வெரலுக்குள்ளதான் முறிஞ்சி நிக்கிபோல. ஆசுபத்திரிக்கு வான்னா பிள்ள வரமாட்டேங்கு. சின்னப்பிள்ள துணியில கெடந்தா என்ன செய்யன்னு அதுவும் குனிஞ்சி தேடிக்கிட்டு கெடக்கு. ரத்தம் நிக்கல. வெரசா வாங்கண்ணே."

இன்னொரு தடவை கேட்கலாம் என்று விரலை வைத்தேன். பதிவு என் கண் முன்னாலேயே மறைந்தது. இந்தச் செய்தி நீக்கப்பட்டது. அதற்கு மேலே இருந்ததும். அதற்கும் மேலே இருந்ததும். கடைசியில் ஒற்றை வரி. செந்தில் உங்களைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்.

நான் படித்துவிட்டேன் என்பது அவனுக்குத் தெரியாது. படிப்பதற்குள் அழித்துவிட்டதாக நினைத்திருப்பான்.

4

"கயல் எப்படி இருக்கா?" என்று அவனுக்கு எழுதினேன்.

என் தம்பி எழுத்தில் சிக்கனமானவன். கட்டைவிரல் படம் ஒன்று போடுவான், அவ்வளவுதான். அன்று எழுதினான்: "ஏனுங்க்கா, ப்ளேன்ல நெட்டெல்லாம் இருக்குதுங்களா! சாப்ட்டீங்களா? என்ன குடுத்தாங்க?"

உடனே அவன் மனைவி மேகலா எழுதினாள். கணவனின் அக்கா என்பதால் என்னை நங்கையா என்பாள். "நங்கையா, நாளைக்கு உங்களுக்கு ராகிக் களி வேணுங்களா, இட்டிலி ஊத்தட்டுங்களா?" கூடவே அரைத்த மாவின் படம். எதற்கு எனக்கு மாவின் படம்?

அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் குடும்பத்தில் ஒரு முறை உண்டு. வழிப்பயணத்தில் இருப்பவரிடம் கெட்ட சேதி சொல்லக் கூடாது. வந்து சேர வேண்டும், குளிக்க வேண்டும், வயிறு நிறையச் சாப்பிட வேண்டும். பிறகுதான் சொல்ல வேண்டும். அப்பா நூல் வாங்க லூதியானா போயிருந்தபோது திருப்பூர் ராயபுரத்தில் எங்கள் வேஸ்ட் பனியன் குடோன் எரிந்துபோனது. ரயிலடிக்கு அழைக்கப் போன சித்தப்பா அவரை நேராக மெஸ்ஸுக்குக் கூட்டிப்போய் ரோஸ்ட் வாங்கிக் கொடுத்தார். இன்னொன்று சொல்லட்டுங்களா அண்ணா என்று வற்புறுத்தினார். அப்பா நிதானமாகத் தின்று கை கழுவி வந்து, "செரி, சொல்லு. எது போச்சு?" என்றாராம். என்றைக்கும் காப்பிகூட வாங்கித் தராத தம்பி ரோஸ்ட் வாங்கித் தந்தால் வேறு என்னவாக இருக்கும்?

அந்தக் காலத்தில் அதைக் கடைப்பிடிப்பது சுலபம். ரயிலில் இருப்பவருக்குச் சொல்ல வழியே இல்லை. சொல்லாமல் இருந்தாலே போதும். இப்போது நான் ஆகாயத்தில் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்கிறேன், கேள்வி கேட்கிறேன். அதனால் அவர்கள் சும்மா இருக்க முடியவில்லை. பொய் சொல்ல வேண்டியிருந்தது. அந்த வசதியை நான்தான் அட்டையைத் தேய்த்து வாங்கிக் கொடுத்தேன்.

குரலில் பேசிவிடலாம் என்று அழைத்தேன். இணைப்பு கிடைக்கவில்லை. விமானப் பணிப்பெண் வந்து, பேச அனுமதி இல்லை, எழுதலாம் என்றாள். எழுதுவதற்கு நான் என்ன எழுதுவேன்? கணவருக்கு எழுதினேன். "விரல்தானே, பயப்படாதே. தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாமல் விசாரிக்கிறேன்" என்றார். அவரிடமும் அவர்கள் மாவின் கதையைத்தான் சொல்லியிருப்பார்கள்.

அப்போது கயலிடமிருந்து செய்தி வந்தது.

என் மகள் எனக்குத் தமிழில் எழுதியதே கிடையாது. ஜெர்மனில் எழுதுவாள், அவசரம் என்றால் இரண்டு எழுத்துச் சுருக்கம். அன்று நல்ல தமிழ் எழுத்தில் வந்தது.

"நான் நல்லா இருக்கறேனுங்ம்மா. வேலை ஜாஸ்தி. நீங்க தூங்கிட்டு வாங்க. ஒண்ணுமில்லை."

அதைப் பார்த்துத்தான் எனக்கு அழுகை வந்தது. மீன் குழம்பு உப்பு என்று சொல்லத் தயங்காத பிள்ளை. உள்ளே இரும்பு முறிந்து நிற்கும் கையை வைத்துக்கொண்டு, மற்ற கையால் எழுத்து எழுத்தாகத் தேடி எனக்குப் பொய் அனுப்பியிருக்கிறாள். அவ்வளவு மரியாதையாக.

"எனக்குத் தெரியும்டி" என்று எழுதி அனுப்பினேன். போகவில்லை. செய்தியின் ஓரத்தில் கடிகாரப் படம் அப்படியே நின்றது. நாங்கள் போய்க்கொண்டிருக்கும் வான்பகுதியில் சேவை கிடையாது, வருந்துகிறோம் என்று திரையில் வந்தது. பணிப்பெண்ணிடம் எப்போது வரும் என்று கேட்டேன். "சில நாடுகளுக்கு மேல் வராது, மேடம். திரைப்படங்கள் இருக்கின்றன" என்றாள்.

மிச்ச நேரம் எப்படிப் போனது என்று கோவையாகச் சொல்லத் தெரியவில்லை. எழுந்து நடந்தேன். கழிப்பறைக்குள் போய் என் ஆள்காட்டி விரலை அழுத்திப் பார்த்தேன். நுனியில் எலும்புக்கும் தோலுக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்த்தேன். ஒன்றும் இல்லை. அங்கே ஊசி போனால் எங்கே நிற்கும்? சீழ் பிடித்தால்? விரலையே எடுக்கும்படி ஆனால்? யாரோ கதவைத் தட்டினார்கள்.

வளைகுடாவில் இறங்கி அடுத்த விமானத்துக்கு ஓடினேன். ஓடிக்கொண்டே தம்பியை அழைத்தேன்.

"ஒண்ணுமில்லீங்க்கா. நீங்க வந்துருங்க."

"கயல்கிட்ட குடு."

"பாப்பா அசந்து தூங்குதுங்க்கா. நீங்க மொதல்ல வந்துருங்க."

கைபேசியில் பார்த்தேன். நான் அனுப்பியது இன்னும் போகாமல்தான் இருந்தது. அழித்துவிட்டேன். ஏன் அழித்தேன் என்று இன்றுவரை முழுதாகத் தெரியவில்லை. அவ்வளவு பேர் சேர்ந்து எனக்காகத் தூக்கிப் பிடித்திருக்கும் ஒன்றைக் கீழே போட்டு உடைக்கத் தோன்றவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

கோயமுத்தூர் விமானத்தில் இணையம் கிடையாது. அது ஒரு விதத்தில் நல்லதாகப் போயிற்று. யாரும் என்னிடம் பொய் சொல்ல முடியாத இடத்தில் உட்கார்ந்து வந்தேன்.

5

விடிகிற நேரத்தில் தம்பி அழைக்க வந்திருந்தான். அவினாசியில் நிறுத்திக் காப்பி வாங்கிக் கொடுத்தான். இரண்டாவதும் வேண்டுமா என்றான். வீட்டில் வெந்நீர் காய்ந்திருந்தது. "குளிச்சுட்டு வந்துருங்க நங்கையா, சூடா ஊத்தறேன்" என்றாள் மேகலா. கயலின் அறைக் கதவு சாத்தியிருந்தது. கதவைத் தள்ளிவிட்டு உள்ளே போயிருக்கலாம். போகவில்லை. குளித்தேன். உட்கார்ந்தேன். இட்லியை விண்டு சட்னியில் தோய்த்து விழுங்கினேன். தண்ணீர் குடித்து இறக்கினேன். அவர்கள் இரண்டு பேரும் நீ சொல், நீ சொல் என்று கண்ணால் பேசிக்கொண்டிருந்தார்கள்.

நான் கை கழுவி வந்ததும் தம்பி தொண்டையைச் செருமினான். "அக்கா, ஒரு சின்ன விசயமுங்க. பதட்டப்படக் கூடாது."

"முனையை எடுத்தாச்சா?" என்றேன்.

மேகலாவின் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. "ஆருங்க சொன்னது?"

"உன் வீட்டுக்காரன்தான். லைன் குரூப்ல வெச்சிருந்தானே என்னை."

தம்பி தலையில் அடித்துக்கொண்டான். "அப்பறம் எதுக்குங்க்கா இந்த இட்லியைத் தின்னீங்க?"

"நீங்க போட்டீங்களே."

எடுத்தாயிற்று. அன்று சாயங்காலமே படம் எடுத்துப் பார்த்து, மரத்துப்போக ஊசி போட்டு, வெட்டி எடுத்து, இரண்டு தையல் போட்டிருந்தார்கள். எலும்பில் படவில்லை. எடுத்த முனையை மருத்துவரிடம் கேட்டு வாங்கி வந்து மற்றத் துண்டுகளோடு சேர்த்து ஒட்டிய பிறகுதான் கயல் சாப்பிட்டாளாம். லைன் ஓட வேண்டும் அல்லவா?

பேச்சுச் சத்தம் கேட்டுக் கதவு திறந்தது. இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றாள்.

"எடு கையை."

எடுத்தாள். கட்டுப் பெரிதாக இருந்தது. மேலே மேகலாவின் மகன் பேனாவால் மூக்கும் கண்ணும் வரைந்திருந்தான்.

"ஏன்டி சொல்லலை?"

"பறந்துட்டு இருக்கறவங்ககிட்ட சொல்லக்கூடாதும்மா. அத்தை சொன்னாங்க."

"நீ எப்ப இருந்து அத்தை சொல்றதைக் கேக்க ஆரம்பிச்சே?"

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? பைலட்டைப் போய்ப் பாத்திருப்பீங்க. கொஞ்சம் கீழ எறக்குங்க, எம்புள்ளைக்கு வெரல்ல அடின்னு."

தம்பி சிரித்தான். நான் சிரிக்கவில்லை. "பொய் சொல்லச் சொல்றியான்னு என்னைக் கேட்டவதானே நீ?"

அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "பொய்தான். தெரியும். ஆனா நீங்க அங்க மேல தனியா உக்காந்து அழுவீங்க. யாரும் தண்ணிகூட எடுத்துத் தர மாட்டாங்க. அதை நெனச்சாத்தான் எனக்கு வலிச்சுது."

நான் உடனே, கொஞ்சமும் வெட்கப்படாமல், அந்த விரலையே சாக்காகப் பிடித்துக்கொண்டேன். இதற்குமேல் இங்கே வேண்டாம், கிளம்பு, கல்லூரியில் பதிவு செய்ய இன்னும் நாள் இருக்கிறது என்றேன். விமானத்தில் ஒத்திகை பார்த்த எதையும் சொல்லவில்லை. கட்டுப்போட்ட விரலை மட்டும் காட்டிக் காட்டிப் பேசினேன்.

"வரலைங்ம்மா" என்றாள். சத்தமே இல்லாமல். "பாக்கலாம்னு சொன்னது உங்களைக் கஷ்டப்படுத்தக் கூடாதுன்னு. அப்பவே முடிவு பண்ணிட்டேன்."

6

இருந்த நாட்களில் தினமும் யூனிட்டுக்குப் போனேன். தையல் பிரிக்கும்வரை மெஷினில் உட்காரக் கூடாது என்று செல்வி சொல்லிவிட்டதால், கயல் செக்கிங் மேசையில் பிசிர் வெட்டிக்கொண்டிருந்தாள். நானும் ஒரு கத்தரியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். மெஷின்கள் ஓடும் சத்தத்தில் ஏதாவது ஒன்று சட்டென்று நின்றால் ஒவ்வொரு முறையும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நூலுதான் அறுந்திருக்கு யக்கா" என்பாள் செல்வி. கயல் தலையைக்கூடத் தூக்க மாட்டாள். ஒவ்வொரு குழந்தைச் சட்டையையும் அவள் உள்பக்கம் திருப்பி, நல்ல கையின் விரல்களால் தையல் ஓரத்தை முழுதும் தடவிப் பார்த்த பிறகுதான் அடுத்ததை எடுப்பாள். அந்த முகத்தில் நான் கல்லூரி நாட்களில் பார்க்காத ஓர் அமைதி இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு அமைதி குறைந்தது.

கல்லூரிக்கு நானே எழுதினேன். அவள் வரவில்லை, இடத்தை வேறு யாருக்காவது கொடுங்கள் என்று. ஒப்பந்தம் கேட்ட அந்த அலுவலரே பதில் போட்டார். மகளுக்கு வாழ்த்துச் சொல்லியிருந்தார்.

திரும்பும் நாளில் கயல் விமான நிலையம்வரை வந்தாள். கட்டுப் பிரித்திருந்தது. விரல் நுனியில் சிவந்த கோடு.

"இனிமேல் நான் போய்ட்டு வர்றப்ப ஏதாவதுன்னா அந்த நிமிசமே சொல்லோணும்" என்றேன். "நான் நெட் வாங்கிக்கறேன்."

"வாங்காதீங்க."

"கயல்."

"எறங்குனதும் சொல்றேன். எதுவா இருந்தாலும். ஒண்ணுகூட மறைக்க மாட்டேன்." பெட்டியை வண்டியில் தூக்கி வைத்தாள். "ஆனா எறங்குனதுக்கு அப்பறந்தான்."

விமானத்தில் நான் எதையும் வாங்கவில்லை. படம் பார்ப்பதுபோல உட்கார்ந்திருந்தேன். விமானம் மேலே ஏறும்போது பயம் வரும் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்குப் பிராங்க்பர்ட்டில் சக்கரம் தரையைத் தொட்டபோதுதான் வந்தது. சுற்றி எல்லாரும் கைபேசியை உயிர்ப்பித்தார்கள். நான் கைப்பையைத் திறக்கவில்லை. கடவுச்சீட்டுச் சோதனை முடிந்து, பெட்டிகள் சுற்றி வரும் இடத்துக்கு வந்த பிறகுதான் எடுத்தேன்.

"எறங்கியாச்சுங்களா?" என்று கேட்டிருந்தாள். அனுப்பிச் சற்று நேரமாகியிருந்தது.

பெட்டிகள் வந்துகொண்டிருந்தன. என்னுடையது ஒரு தடவை என்னைக் கடந்து போனது, எடுக்கவில்லை. மறுபடி வந்தது, எடுத்துத் தரையில் வைத்துக்கொண்டேன். அதன்மேல் கையை ஊன்றிக்கொண்டு எழுதினேன்.

"எறங்கிட்டேன். சொல்லு."

திரையின் மேலே, கயல் எழுதுகிறாள் என்று வந்தது.